ஜப்பான் மேடம் போட்ட கையெழுத்து

எங்க மேடத்தப் பத்தி இப்ப சிதம்பரத்துல டீக்கடை வரைக்கும் பேச்சு. காசு வாங்கிக்கிட்டு ஓட்டை மிஷினுக்குக் கையெழுத்துப் போட்டுட்டாங்களாம். ரெண்டு உசுரு போனதுக்கு அவுங்கதான் காரணமாம். பேசற வாய்ல ஒண்ணாவது அவுங்க கிளாஸ்ல ஒரு நாள் உக்காந்திருக்குமா? இருபத்திரண்டு வருஷம் அவுங்க டிபார்ட்மென்ட் ஆபீஸ்ல டைப் அடிச்சவ நான். பேரு ஜெயராணி. கடலூர் செம்மண்டலத்துல வீடு, தினம் பஸ் ஏறி சிதம்பரம் காலேஜுக்குப் போய் வந்தவ. எங்க மேடம் டாக்டர் லோகநாயகி யாருன்னு என்னவிடத் தெரிஞ்சவுங்க கெடையாது. என்ன நடந்துச்சுன்னும் என்னவிடத் தெரிஞ்சவுங்க கெடையாது. அதான் எனக்கு வந்த வினை.

இன்னொண்ணையும் முன்கூட்டியே சொல்லிடறேன். அந்த மிஷின் இருந்த கம்பெனியிலதான் எம் பொண்ணு வெண்மதி வேல பாத்தா. அவ ஒம்பதாவது படிக்கறப்ப எங்க வீட்டுக்காரர் தவறிட்டாரு. அதுக்கப்புறம் எனக்கு ஒலகத்துல இருக்கறது அவ ஒருத்திதான்.

மேடத்துக்கு ஊரு பண்ருட்டிப் பக்கம், முந்திரிக்காட்டு ஊரு. வடலூர் சபைக்குப் போற சன்மார்க்கக் குடும்பம், முட்டை கூட வாசப்படி தாண்டி உள்ள வராது. அந்த வீட்டுப் பொண்ணு முப்பது வருஷமா எத ஆராய்ச்சி பண்ணாங்க தெரியுமா? இறால! எம்.காம் படிக்கறப்ப பரங்கிப்பேட்டைக்கு ஒரு சர்வேக்குப் போயிருக்காங்க. அங்க ஒரு ஜப்பான்காரர் மணல்ல குத்துக்கால் வெச்சு உக்காந்து, ஒவ்வொரு இறாலா எடுத்துத் தலையப் பாத்துட்டு, போன்ல ரெண்டு வார்த்த பேசுனாராம். அன்னிக்கு மொத்தக் கரைக்கும் அதான் வெல. நம்ம சனம் உசுரக் குடுத்துப் புடிக்கறதுக்கு எங்கயோ ஒக்காந்திருக்கறவன் வெல சொல்றானே, அவன் யாரு, எப்படி முடிவு பண்றான்னு தெரிஞ்சுக்கணும்னு அன்னிக்குப் புடிச்ச பைத்தியம்தான். ஸ்காலர்ஷிப் வாங்கி ஜப்பான்ல கோபேங்கற ஊருக்குப் போனாங்க. ரெண்டு வருஷம் வெறும் சோறும் முள்ளங்கி ஊறுகாயும். ஜப்பான் வியாபாரக் கம்பெனிங்க எப்படிக் கொள்முதல் முடிவு எடுக்குதுன்னு டாக்டர் பட்டம் வாங்கிட்டு, கல்யாணம் காட்சியெல்லாம் மறந்துட்டு, நேரா எங்க காலேஜுக்கு வந்தாங்க. பன்னாட்டு வணிகம்தான் பாடம். பசங்க வெச்ச பேரு ஜப்பான் மேடம்.

படிப்பு மட்டுமா வந்துச்சு, பழக்கமும் சேந்துல்ல வந்துச்சு! ‘முடியாது’ங்கற வார்த்த அவுங்க வாய்ல வராது. அட்டெண்டன்ஸ் போடச் சொல்லி ஒரு பையன் வந்து நிப்பான். பல்லு வழியா ஸ்ஸ்னு மூச்ச உள்ள இழுத்து, தலைய ஒரு பக்கமா சாய்ச்சு, “கொஞ்சம் கஷ்டமாச்சேப்பா”ம்பாங்க. அவன் நம்பிக்கையோட மறுநாளும் வருவான், அதுக்கு மறுநாளும் வருவான். “ஏண்டா, அன்னிக்கே இல்லன்னுட்டாங்க, ஒனக்கு மண்டையில ஏறலியா”ன்னு நாந்தான் கத்தி வெரட்டணும். நேரா சொல்லித் தொலைச்சா என்ன மேடம்னு கேட்டா, “அவன் மொகம் வாடிடும்ல ஜெயராணி”ன்னு சிரிப்பாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனா அந்தம்மா மாதிரி ஒரு மனுஷிய நான் பாத்ததில்ல. அவுங்க எழுதுன மூணு புத்தகம், நாப்பது கட்டுரை, எல்லாம் நான் அடிச்சதுதான். ஆரம்பத்துல ஒவ்வொரு பக்கத்தையும் ரெண்டு தரம் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவாங்க. அஞ்சாறு வருஷத்துக்கப்புறம் படிக்கறத விட்டுட்டாங்க. “நீங்க அடிச்சா சரியாத்தான் இருக்கும்”னு பேனாவ எடுப்பாங்க. எனக்கு அதுல எம்புட்டுப் பெருமை!

பாலகுமார் அவுங்க பழைய மாணவன். அப்பாவுக்கு நாலு படகு இருந்துச்சு, இவன் அத வெச்சு இறால் ஏற்றுமதிக் கம்பெனியே ஆரம்பிச்சுட்டான். புதுச்சத்திரம் தாண்டி, கடலோரமா ஷெட்டு. இறால உரிச்சு, உறைய வெச்சு, கன்டெய்னர்ல ஏத்தி ஜப்பானுக்கு அனுப்பறது. நல்ல மரியாதக்காரன், வர்றப்பல்லாம் மேடத்துக்குப் பழம், எனக்கு “அக்கா, சௌக்கியமா”. வெண்மதி கடல் உயிரியல் முடிச்சதும் அவன்தான் கூப்புட்டு வேல குடுத்தான். தரம் பாக்கற லேப்ல உக்காந்து மணிக்கொரு தரம் உறைய வைக்கற ரூமுக்குப் போயி டிகிரி எழுதிட்டு வரணும். ரெண்டு வருஷமா டெம்பரவரி. எப்ப பர்மனன்ட் பண்ணுவாங்கன்னு நான் வேண்டாத கோயில் இல்ல, ஏத்தாத மெழுகுவத்தி இல்ல.

மேடத்துக்கு ரிட்டையர்மென்டுக்கு எட்டு மாசம் இருக்கறப்ப அவன் ஒரு பைலத் தூக்கிட்டு வந்தான். ஜப்பான்ல ஒரு கம்பெனி அவனோட அஞ்சு வருஷக் கொள்முதல் ஒப்பந்தம் போடுது. கூடவே, அவுங்க தொழிற்சாலையில ஓடிக்கிட்டிருந்த பழைய உறைய வைக்கற மிஷின் ஒண்ணையும் பாதி வெலைக்குத் தர்றாங்க. அமோனியா கேஸ்ல ஓடறது. காகிதமெல்லாம் ஜப்பான் மொழி. மேடம் படிச்சுப் பாத்து, அந்தக் கம்பெனி எப்படி, ஒப்பந்தம் எப்படி, மிஷின் பேப்பர் சரியான்னு ஒரு ரிப்போர்ட் குடுத்தா பேங்க்ல லோன் பாஸாகும். அதான் விஷயம்.

மூணு நாள் படிச்சாங்க. மூணாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவத் தொறக்காமயே உக்காந்திருந்தாங்க. என்ன மேடம்னு கிட்டப் போனேன். ஒரு தாளத் தள்ளுனாங்க. மேல வரிசையா ஒம்பது கட்டம், ஒவ்வொண்ணுலயும் சிவப்பு மையில ஒரு வட்ட முத்திரை.

“இது அவங்க உள்காகிதம். நமக்கு வரவே கூடாது, பைலோட வந்திருக்கு”ன்னாங்க. ஜப்பான் கம்பெனில ஒரு முடிவு எடுக்கணும்னா கீழ இருக்கறவர் எழுதி மேல அனுப்புவாராம். பிரிவு பிரிவாப் போயி, ஒவ்வொருத்தரும் பேரு முத்திரைய குத்தி அடுத்தவருக்குத் தள்ளணும். யாரும் மாட்டேன்னு சொல்றதில்ல. “அஞ்சாவது கட்டத்தப் பாருங்க”ன்னாங்க. எனக்கு எல்லாம் ஒரே மாதிரி கோழி கிறுக்குனாப்பலதான் இருந்துச்சு. மேடம் தாளத் தலைகீழாத் திருப்பி வெச்சாங்க. இப்ப அந்த ஒரு முத்திரை மட்டும் நேரா நிக்குதாம், மத்த எட்டும் தலைகீழா.

“மொரிகாவான்னு ஒருத்தர். இயந்திரப் பராமரிப்புப் பிரிவு. எதிர்ப்பு இருந்தும் தடுக்க முடியாத எடத்துல இருக்கறவங்க சில பேரு முத்திரையத் தலைகீழாக் குத்துவாங்கன்னு கோபேல ஒரு வயசான மேனேஜர் எங்கிட்ட சொல்லியிருக்காரு.”

“அப்ப மிஷின் நல்லா இல்லன்னு அர்த்தமா?”ன்னு கேட்டேன்.

“அவசரத்துல தப்பாக் குத்தியிருக்கலாம். புத்தகத்துல ஆதாரம் கெடையாது. ஒரு தரம் கருத்தரங்குல இதச் சொல்லப் போயி எல்லாரும் சிரிச்சுட்டாங்க.” தாளத் திரும்பக் கையில எடுத்தாங்க. “ஆனா இந்தக் காகிதம் எப்படிப் பைலுக்குள்ள வந்துச்சுன்னுதான் யோசிக்கறேன். அந்த மனுஷனே வெச்சிருப்பாரோ?”

அந்த மொரிகாவாவுக்கே ஒரு மெயில் போட்டாங்க, மரியாதையா, சுத்தி வளைச்சு. நாலு நாள் கழிச்சுப் பதில் வந்துச்சு. வாசிச்சு அர்த்தம் சொன்னாங்க: ‘உங்கள் ஊரில் மழைக்காலம் கடுமையாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன். கடற்காற்றில் உப்பு அதிகம் என்றும் சொல்கிறார்கள். அங்கே வேலை செய்பவர்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.’ அவ்வளவுதான். மிஷினப் பத்தி ஒரு வார்த்த இல்ல. மேடம் மொகம் வெளுத்துப் போச்சு.

“நேரா எழுதுங்க மேடம்! இந்த மிஷின் வேணாம்னு நாலே வார்த்த. எம் பொண்ணு அங்க இருக்கா!”ன்னு கத்திட்டேன். ஆமா, நாந்தான் கத்துனேன். அந்த நாள நெனச்சாத்தான் என்னால தாங்க முடியல. அவுங்க என் கையப் புடிச்சுக்கிட்டு, “எழுதறேன் ஜெயராணி. ஆதாரம் இல்லாம ஒருத்தர் பொழப்புல மண்ணள்ளிப் போடக் கூடாது. ஆனா எழுதாம விட மாட்டேன்”னாங்க. எழுதுனாங்க. பதினோரு பக்கம் ரிப்போர்ட்டு, கடைசிப் பக்கத்துல ஒரு வரி: ‘பராமரிப்புப் பிரிவின் கருத்தை நேரில் கேட்டறிந்து, இயந்திரத்தை முழுமையாகச் சோதித்த பிறகே இயக்குவது நல்லது.’ அவுங்க வாழ்க்கையிலயே எழுதுன கடுமையான வரி அதுதான்.

அன்னிக்குச் சாயங்காலமே பாலகுமார் எனக்குப் போன் பண்ணான். மேடத்துக்கு இல்ல, எனக்கு. வரைவ அவனுக்கு அனுப்பச் சொன்னதே மேடம்தான், ஒரு மரியாதைக்கு. “அக்கா, ரிப்போர்ட்டு அருமை. அந்தக் கடைசி வரி மட்டும் பேங்க்காரனுக்குப் புடிக்காது. சோதனை பண்ணணும்னா ஜப்பான்லேர்ந்து ஆளு வரணும், ஆறு மாசம் ஓடிடும், ஒப்பந்தம் கைவிட்டுப் போயிடும். நானே நம்ம ஊரு மெக்கானிக்க வெச்சு நல்லாப் பாத்துடறேங்க்கா. மேடத்துக்கிட்ட நான் பேசிக்கறேன், நீங்க அத எடுத்துட்டு பைனல் அடிச்சிடுங்க.” அப்புறம், “வெண்மதி ஆர்டரு எம் மேசமேலதான் இருக்கு. இந்த லோன் வந்தாத்தான் யாரையும் பர்மனன்ட் பண்ண முடியும்”னான்.

அவன் மெரட்டல. கெஞ்சவும் இல்ல. சாதாரணமாத்தான் சொன்னான். ரெண்டு நாள் முந்தி பொண்ணு பாக்க வந்தவுங்க, வேல நிரந்தரமான்னு கேட்டுட்டுப் போயிருந்தாங்க. மெக்கானிக் பாப்பான்னு அவன் சொல்றான்ல, மேடத்துக்கிட்ட பேசிக்கறேன்னு சொல்றான்ல, ஆதாரம் இல்லன்னு மேடமே சொன்னாங்கல்லன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். மறுநாள் காலையில அந்த ஒரு வரிய அழிச்சேன். பிரின்ட் எடுத்தேன். கொண்டுபோயி வெச்சேன். மேடம் பேனாவ எடுத்தாங்க. “கடைசிப் பக்கம் சரியா வந்திருக்கா?”ன்னு மட்டும் கேட்டாங்க. “வந்திருக்கு மேடம்”னேன். கையெழுத்துப் போட்டாங்க.

அதோட விட்டாங்களா? ஒரு மாசம் கழிச்சு, “பாலகுமார் அந்த வரிக்கு என்ன சொன்னார்?”னு கேட்டாங்க. “ஆளக் கூப்புட்டுச் சோதிச்சுட்டாராம் மேடம்”னு வாய் கூசாம சொன்னேன். பெரிய பாரம் எறங்குனாப்பல நாற்காலியில சாஞ்சுக்கிட்டாங்க. அவன் அவுங்கக்கிட்ட பேசவே இல்லன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு.

ஆடி மாசம் மிஷின் ஓட ஆரம்பிச்சுது. வெண்மதிக்கு ஆர்டர் வந்துச்சு. செம்மண்டலம் பூரா லட்டு குடுத்தேன். மேடம் ரிட்டையர் ஆனாங்க, பாலகுமாரே மாலை போட்டான். எல்லாம் நல்லாத்தான் போச்சு, ஆனா எனக்குத்தான் சோறு எறங்கல. வெண்மதி வேலைக்குக் கிளம்பறப்பல்லாம், “அந்த ரூமுல ரொம்ப நேரம் நிக்காதடி”ம்பேன். “என்னம்மா, தினம் ஒரே பாட்டு?”ன்னு சிரிப்பா. ஐப்பசியில மழை புடிச்சதும் ஒரு நாள் சாதாரணமாச் சொன்னா: “புது மிஷின் ரூமத் தொறந்தாலே கண்ணு கரிக்குதும்மா. சின்னம்மாள் அக்கா முந்தானைய மூக்குல கட்டிக்கிட்டுத்தான் உள்ள வருது.” சின்னம்மாள் கிள்ளை ஊர்க்காரி, இறால் உரிக்கறவ, இவளோட ஒரே வேன்ல போறவ. என்னடி பண்ணாங்கன்னு கேட்டேன். பைப்புல துரு புடிச்சிருந்துச்சாம், மெக்கானிக் பெயின்ட் அடிச்சுட்டுப் போனானாம்.

பெயின்ட்டு! அன்னிக்கே அவ காலப் புடிச்சு நிறுத்தியிருக்கணும். மேடத்துக்கிட்ட ஓடியிருக்கணும். ஓடுனா அழிச்சது வெளிய வரும். லீவு போடுடி, ரெண்டு நாள் வேளாங்கண்ணி போயிட்டு வரலாம்னேன். ஷிப்மென்ட் இருக்குன்னுட்டா. நான் டிபன் பாக்ஸக் கட்டிக் குடுத்தேன்.

மூணு நாள் அடைமழை விட்ட அன்னிக்கு, காலையில பத்தே முக்காலுக்குப் போன் வந்துச்சு. பைப்பு மூட்டு வெடிச்சு கேஸ் மொத்தமும் ஷெட்டுக்குள்ள. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தப்ப வராண்டா முழுக்க ஈரத்துணிய மூஞ்சியில போட்டுக்கிட்டுப் பொம்பளைங்க. சின்னம்மாளும், கூட உரிச்ச இன்னொரு பொண்ணும் ஷெட்டுக்குள்ளயே செத்துப் போயிட்டாங்க. வெண்மதி தவழ்ந்து கதவு வரைக்கும் வந்திருக்கா. உசுரு இருந்துச்சு. மாதாவே, நான் போட்ட கூச்சல் எனக்கே கேக்கல. பத்து நாள் கழிச்சுக் கட்டு அவுத்தப்ப வலது கண்ணுல வெறும் வெள்ளைதான். இடதுல நிழலாட்டம் தெரியுதாம், மருந்து விட்டுக்கிட்டே இருந்தா இருக்கறதயாவது காப்பாத்தலாம்னு டாக்டர் சொன்னாரு. இருபத்தஞ்சு வயசு.

மேடம் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. கட்டிலுக்கு முன்னால நின்னு, இடுப்பு வரைக்கும் குனிஞ்சு, நிமிரவே இல்ல. “மன்னிச்சிடும்மா. சோதிக்கச் சொன்னது போதாது, வேணாம்னே சொல்லியிருக்கணும்”னாங்க. வெண்மதிக்கு அது என்ன புரிஞ்சிருக்கும், மயக்க மருந்துல கெடந்தா. நான் ஜன்னலப் பாத்துக்கிட்டு நின்னேன்.

விசாரணை தை மாசம் கடலூர்ல நடந்துச்சு. பாலகுமார் பக்கத்து வக்கீல் ரிப்போர்ட்ட எடுத்து நீட்டுனாரு. நிபுணர் குறை சொல்லவே இல்ல, நம்பித்தான் ஓட்டுனோம்னாரு. அதிகாரி அத மேடத்துக்கிட்ட குடுத்து, உங்க கையெழுத்துதானான்னு கேட்டாரு. மேடம் கடைசிப் பக்கத்தத் திருப்புனாங்க. படிச்சாங்க. இன்னொரு தரம் படிச்சாங்க. அப்புறம் தலைய நிமித்தி, அத்தன பேருக்கு நடுவுல என்னத் தேடிப் புடிச்சுப் பாத்தாங்க. திட்டற பார்வ இல்ல. அதத்தான் என்னால தாங்க முடியல.

“என் கையெழுத்துதான்.”

“அந்த ஜப்பான் காகிதங்கள்ல சந்தேகப்படற மாதிரி ஏதாவது இருந்துச்சா?”

“இருந்தது. பார்த்தேன்.”

“அத ஏன் இதுல எழுதல?”

சுத்தி வளைக்கல. மூச்ச இழுக்கல. “இதில் எழுதப்படவில்லை. கையெழுத்து என்னுடையது. பொறுப்பும் என்னுடையது”ன்னு ஒவ்வொரு வார்த்தையா சொன்னாங்க. ஜப்பான்ல ஒரு கம்பெனியில தப்பு நடந்தா, கையெழுத்துப் போட்ட பெரியவருதான் எல்லார் முன்னாடியும் வந்து குனியணும், கீழ இருக்கறவங்க பேரச் சொல்லக் கூடாதுன்னு அவுங்களே ஒரு கட்டுரையில எழுதியிருக்காங்க. அதயும் நான் அடிச்சுக் குடுத்தவதான்.

அடுத்து என்னக் கூப்புட்டாங்க. மேடம் குடுத்தத அப்படியே அடிச்சீங்களாம்மான்னு அதிகாரி கேட்டாரு. வீட்டுல பழைய பென் டிரைவ்ல அந்த வரியோட வரைவு இன்னும் இருக்கு. சொல்லியிருக்கலாம். பின் பெஞ்சுல வெண்மதி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, என் குரல் வர்ற பக்கம் மொகத்தத் திருப்பி உக்காந்திருந்தா.

“அப்படியேதான் அடிச்சேன் சார்”னேன்.

மேடம் மேல கேஸ் பதிவாயிருக்கு. பென்ஷன நிறுத்தி வெச்சிருக்காங்க. வீட்டு வாசல்ல யாரோ அழுகுன இறாலக் கொட்டிட்டுப் போனாங்களாம், முட்டை கூடத் தொடாத வீட்டு வாசல்ல. ரெண்டு தரம் போன் பண்ணாங்க, வெண்மதி கண்ணு எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கல.

விசாரணை முடிஞ்சு வந்த அன்னிக்கு வெண்மதிக்கு மருந்து விட உக்காந்தேன். ரெண்டு மணிக்கொரு தரம் விடணும், அவளால தானா விட்டுக்க முடியாது. தலைய எம் மடியில வெச்சுக்கிட்டா.

“ஏம்மா, அவ்வளவு படிச்சவங்க, தெரிஞ்சே எழுதாம விட்டுருக்காங்களே. சின்னம்மாள் அக்காவுக்கு ரெண்டு புள்ளைங்கம்மா. அவுங்கள நான் செத்தாலும் மன்னிக்க மாட்டேன். நீ எப்படிம்மா இத்தன வருஷம் அவுங்கக்கூட வேல பாத்த?”

மருந்து ஒரு சொட்டு அவ கன்னத்துல விழுந்துச்சு. தொடச்சு விட்டேன்.

“பேசாம இருடி. கண்ண மூடாத, மருந்து வெளிய வந்துடும்”னேன்.